இரவல் வாங்கிய இயந்திர மனிதன்

எழுபத்து மூன்றாம் வருடம், ஆடி மாதம், பெரிய காஞ்சிபுரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் நடந்தது இது. அலுவலகத்தில் எதையும் எண் போட்டு எழுதியே பழகிவிட்டேன். அதனால் நடந்ததை முதலில் அப்படியே எழுதிவிடுகிறேன்.

1. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு புத்தகம் இரவல் வாங்கினேன்.
2. வேறு யார் கைக்கும் போகாது என்று சத்தியம் செய்து வாங்கினேன்.
3. அதை எல்லோரும் படிக்க வேண்டும் என்று சிபாரிசு செய்து ஒரு கட்டுரை எழுதினேன்.
4. மூன்றாவது வாரம் புத்தகத்தை இன்னொருவர் கையில் கொடுத்தேன்.
5. அது பதினோரு இடங்களில் ஓட்டையோடு திரும்பி வந்தது.
6. அக்காவிடம் பொய் சொன்னேன்.

இதில் ஐந்தாவதைத் தவிர மற்றதெல்லாம் நான் செய்தது. ஐந்தாவதுக்கும் நான்தான் காரணம்.

சென்னையில் மூன்று வருடம் டிப்ளமா படித்துவிட்டு, காஞ்சிபுரத்தில் ஓர் அலுவலகத்தில் டிரேசராகச் சேர்ந்திருந்தேன். இன்ஜினீயர் பென்சிலால் போட்ட வரைபடத்தின் மேல் டிரேசிங் தாளை விரித்து, மையால் இழுப்பது என் வேலை. கோடு பிசகாமல் இழுப்பேன். ஆனால் அடியில் ஒரு படம் இருந்தால்தான் என் கை ஓடும். சொந்தமாக ஒரு பூனைகூட வரையத் தெரியாது.

அக்கா கூரத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்தவர். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். அவர்கள் வீட்டில் இரண்டு தறி. அக்கா காலையிலிருந்து ராட்டை முன்னால் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருப்பார். எனக்கு அவரோடு அதிகம் பழக்கம் இல்லை.

ஒருநாள் சாயங்காலம் அவர்கள் வீட்டில் ஃபியூஸ் போய்விட்டது. ஆண்கள் யாரும் இல்லை. அக்காவின் மாமியார் எங்கள் வாசலுக்கு வந்து, "ஏம்மா, நீ மிஷின் படிப்புத்தான படிச்சிருக்கிற? வந்து இன்னான்னு பாரேன்" என்றார். முக்காலி போட்டு ஏறினேன். அக்கா டார்ச் பிடித்தார். கம்பியை வாயில் கடித்துக்கொண்டு நான் திருகாணியைக் கழற்றியபோது அவர் சிரித்துவிட்டார்.

"அந்தப் பொண்ணும் இப்படித்தான். ஒயர வாயில கடிச்சிக்கினு, ரெண்டு கையாலயும் வேல செய்யும்."

எந்தப் பெண் என்று கேட்டேன். அக்கா உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். "நாளைக்குச் சொல்றேன்டி" என்றார்.

மறுநாள் முந்தானைக்குள் மறைத்து ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அது கடையில் வாங்கிய புத்தகம் அல்ல. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வந்து, சீக்கிரமே நின்றுபோன ஒரு சிறுவர் வார இதழில் வெளியான சித்திரத் தொடர். வாரம் ஒரு தாள், முன்னும் பின்னும் படம். அறுபத்திரண்டு வாரம். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அக்கா ஒவ்வொரு தாளாகப் பிரித்து எடுத்து, சேர்த்து, பழுப்பு அட்டை வைத்து, அரக்கு நிறப் பட்டு நூலால் தானே தைத்திருந்தார். கல்யாணமாகி வந்தபோது பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.

ஒருமுறை அவர் அதைப் படித்துக்கொண்டிருந்ததை மாமியார் பார்த்துவிட்டாராம். "மடியில கொழந்தைய வச்சிக்கினு படம் காட்ட வேண்டிய வயசுல, இவளே கொழந்தையாட்டம் பொம்மை பொஸ்தகம் பாத்துக்கினு இருக்கிறா" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாராம். அதிலிருந்து புத்தகம் பெட்டியை விட்டு வெளியே வருவதே இல்லை.

"படிச்சிட்டு எங்கிட்டயே குடு. வேற யாருகிட்டயும் போவக் கூடாது. சத்தியமா?"

"சத்தியமாக்கா."

தொடரின் பெயரை இங்கே சொல்லவில்லை. சொன்னாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. கோபுர உயரத்துக்கு ஓர் இரும்பு மனிதன். அவன் மார்புக்குள் சின்ன அறை. அதில் உட்கார்ந்து பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அவனை ஓட்டுகிறாள். இயந்திர மனிதன் கதைகள் நான் நிறையப் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் இயந்திரம் கதாநாயகனின் குரலுக்குக் கட்டுப்படும், பறக்கும், எதிரியை அடிக்கும், கதை முடியும். இந்த இயந்திரம் சூடாகும். முழங்கால் மூட்டு இறுகிவிடும். வலது கையைத் தூக்கினால் இடது கை தானாக இறங்கும். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் ஒரு முழுப் பக்கத்துக்கு அந்தப் பெண் ஏணி வைத்து ஏறி, துடைத்து, எண்ணெய் விட்டு, உடைந்ததை மாற்றுவாள்.

எனக்கு அந்தப் பக்கங்கள்தான் பிடித்தன. ஆனால் அவை ஏன் பிடித்தன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அக்காதான் சொன்னார். ராட்டையை நிறுத்தாமல், சாதாரணமாகச் சொன்னார்.

"சண்டை எல்லாரும் போடுவாங்கடி. சண்டை முடிஞ்சதும் யாரு துடைக்கிறாங்கன்னு பாரு. அதான் கதை. ஊருல ஒருத்தருக்குக்கூட உள்ள பொண்ணு இருக்கிறது தெரியாது, கவனிச்சியா? மிஷினுக்குத்தான் மாலை போடுவாங்க."

அக்காவுக்கு அறுபத்திரண்டு தாளும் மனப்பாடம். இருபதாவது வாரம் கீழ்மூலையில் ஒரு ஆடு நிற்கும், அடுத்த வாரம் அந்த ஆடு பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிருக்கும் என்பதெல்லாம் பார்க்காமலே சொல்வார். நான் ஒரே மூச்சில் கதையைப் படித்தவள். படங்களை அவர்தான் பார்த்திருந்தார்.

இப்போது இன்னொரு பத்துப் பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் சித்திரக்கதைப் பைத்தியம் பிடித்தவர்கள் சிலர் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் வைத்திருந்தோம். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். நானும் ஒரு பள்ளி ஆசிரியையும் மட்டும் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஒரு வங்கி குமாஸ்தா வீட்டு மாடியில் கூடுவோம். மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். குமாஸ்தாதான் ஆசிரியர், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். மொத்தமே ஒரு பிரதி. அது வீட்டுக்கு இரண்டு நாள் என்று சுற்றி வரும். படித்தவர்கள் கடைசிப் பக்கங்களில் அபிப்பிராயம் எழுதுவார்கள். வரையத் தெரிந்தவர் எங்களில் யாரும் இல்லை. பழைய வார இதழ்களிலிருந்து படங்களை நறுக்கி மைதாப் பசையால் ஒட்டிக்கொள்வோம். எல்லாக் கையெழுத்துப் பத்திரிகைகளிலும் அதுதான் வழக்கம்.

அந்த மாடியில் ஒரு ஞாயிறன்று இந்தத் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"பொண்ணு ஓட்டுதா? ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமா அந்தப் பொண்ணுக்கு?" என்றார் பட்டுக்கடையில் வேலை செய்யும் ஒருவர்.

"வாராவாரம் எண்ணெய் போடுமாம்பா. இது கதையா, மெக்கானிக் ஷாப்பா?" என்றார் இன்னொருவர். மாடியே சிரித்தது. ஆசிரியையும் சிரித்தார்.

"டேய், சும்மா இருங்கடா" என்ற குமாஸ்தா என்னிடம், "நீங்க எழுதுங்க சிஸ்டர். ஆனா பொஸ்தகத்தக் கண்ணுல காட்டினாத்தான் இவனுங்க நம்புவானுங்க" என்றார்.

அவர்கள் கதையைப் பார்த்துச் சிரித்ததாக எனக்குத் தோன்றவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்ததாகத் தோன்றியது. அந்த வாரமே கட்டுரையை எழுதி முடித்தேன். எட்டுப் பக்கம். 'படிக்கத் தவறியவர்களுக்கு' என்று தலைப்பு. இந்தத் தொடரை ஏன் படிக்க வேண்டும் என்று ஏழு காரணங்களை எண் போட்டு எழுதினேன். இயந்திரத்துக்கு எடை இருக்கிறது. நடந்தால் தரை அமுங்குகிறது. பழுது தானாகச் சரியாவதில்லை. எதிரிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. இப்படிப் போனது. ஏழாவது காரணம், சண்டை முடிந்ததும் துடைப்பவர் யார் என்பதுதான் கதை என்பது. அக்கா சொன்ன வாக்கியத்தை எழுத்துத் தமிழில் மாற்றியிருந்தேன். அவ்வளவுதான் என் பங்கு.

கட்டுரையின் முதல் வரி: "என்னிடம் உள்ள தொகுப்பைக் கொண்டு இதை எழுதுகிறேன்."

அடுத்த ஞாயிறு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தேன். நாலு பேர் சேர்ந்து தலையை முட்டிக்கொண்டு புரட்டினார்கள். பட்டுக்கடைக்காரர் முழங்கால் மூட்டை மாற்றும் பக்கத்தில் நின்றுவிட்டார். "அடேங்கப்பா, போல்ட்டுகூட வரைஞ்சிருக்கான்பா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் விழுந்துவிட்டேன். குமாஸ்தா, "ஒரு வாரம் வச்சிருக்கட்டுமா சிஸ்டர்? பத்திரமா தர்றேன்" என்று கேட்டபோது, சரி என்றேன். கட்டுரைக்குப் படம் வேண்டுமே, நீங்களே டிரேஸ் எடுத்துத் தர முடியுமா என்றும் கேட்டார். ஆபீஸில் வேலை அதிகம், முடியாது என்றேன். அரை நாள் வேலை அது.

அதற்கடுத்த ஞாயிறு பத்திரிகையையும் புத்தகத்தையும் ஒன்றாக என் கையில் கொடுத்தார். முகமெல்லாம் சிரிப்பு. "இந்த மாசம் உங்க கட்டுரைதான் சிஸ்டர் டாப்."

பத்திரிகையைத் திறந்தேன். என் எட்டுப் பக்கமும் அவர் கையெழுத்தில் முத்து முத்தாக இருந்தன. நடுநடுவே இரும்பு மனிதன். ஏணியில் அந்தப் பெண். இறுகிப்போன முழங்கால். பதினோரு படங்கள், ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பு மையில் கரை. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் இன்னொரு கையில் இருந்த புத்தகத்தைத் திறந்தேன்.

பக்கத்தின் நடுவே சதுரமாக ஓட்டை. அதன் வழியாக அடுத்த வாரத்துப் படம் தெரிந்தது.

"கிழிச்சிட்டீங்களா?"

"கிழிக்கல சிஸ்டர்! ஸ்கேல் வச்சு பிளேடால நறுக்கினேன். ஓரம் பாருங்க, எவ்ளோ நீட்டா இருக்குதுன்னு."

நான் அடுத்தடுத்த தாள்களைப் புரட்டினேன். அவருக்கு அப்போதுதான் ஏதோ தப்பு என்று புரிந்தது. "போன மாசம் நீங்களேதான வீட்டுப் பொஸ்தகத்துலேருந்து ராக்கெட் படம் நறுக்கிக் குடுத்தீங்க? இதுவும் அப்படித்தான்னு நினைச்சேன். என்னிடம் உள்ள தொகுப்புன்னு எழுதியிருந்தீங்களே சிஸ்டர்" என்றார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. எங்கள் வட்டத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நான் உட்பட.

நறுக்கிய படங்களின் முன்பக்கம் பத்திரிகையில் இருக்கிறது. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் கதையின் அடுத்த படம் இருந்தது. அது பசையில் போய்விட்டது. கடைசித் தாளும் அதில் ஒன்று. முன்பக்கத்தில், எல்லாம் முடிந்து ஏரிக்கரையில் இரும்பு மனிதன் நிற்கிறான். அந்தப் பெண் கீழே இறங்கி என்ன செய்தாள் என்பது பின்பக்கத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்து, இட்லிப் பானை ஆவியில் காட்டி ஒரு படத்தை மட்டும் பெயர்த்துப் பார்த்தேன். தாள் இரண்டாகப் பிளந்து, முன்னும் போய்ப் பின்னும் போயிற்று. மற்றதைத் தொடவில்லை. பத்திரிகையில் மிச்சமிருந்த பத்துப் படங்களையும் ஆபீஸ் மதிய இடைவேளையில் டிரேஸ் எடுத்து, ஓட்டைகளுக்கு அளவாக வெட்டி ஒட்டினேன். பின்பக்கங்களுக்கு என்ன செய்வது? கதை நினைவிருந்தது. படம் ஒன்றுகூட நினைவில்லை. அடியில் வைத்து இழுக்க எதுவும் இல்லை.

இதற்குள் அக்கா ஜன்னல் வழியாக இரண்டு முறை கேட்டுவிட்டார். "முடிச்சிட்டியாடி?" இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றேன். மூன்றாவது முறை, "தையல் விட்டிருந்ததுக்கா, பைண்டிங் குடுத்திருக்கேன்" என்றேன்.

"யாருடி கேட்டாங்க பைண்டிங்? பட்டு நூலுல நாலு மடிப்புப் போட்டுத் தெச்சது. அது எப்படி விடும்?"

ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டேன்.

இரண்டு, மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். பத்திரிகை சுற்றி முடித்து அன்றுதான் என்னிடம் திரும்பி வந்திருந்தது. நான் சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் அம்மாவின் குரல் கேட்டது. "உக்காரும்மா. இவ எழுதினது பத்திரிகையில வந்திருக்குது, பாரேன். எல்லாரும் எப்படிப் புகழ்ந்திருக்கிறாங்க!" அம்மாவுக்கு எதுவும் தெரியாது. பெண் எழுதியதில் அவ்வளவு பெருமை.

நான் டம்ளரோடு வந்தபோது அக்கா பத்திரிகையை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். எட்டுப் பக்கத்தையும் படித்தார். படங்களில் விரலை வைத்து வைத்துப் படித்தார். பிறகு கடைசியில் இருந்த அபிப்பிராயங்கள். 'யாரும் கண்டுகொள்ளாத முத்தைத் தேடிக் கண்டெடுத்த சகோதரிக்குப் பாராட்டு.' 'ஏழாவது காரணம் என்னை உலுக்கிவிட்டது. இப்படி யோசிக்க உங்களால்தான் முடியும்.' நான் நின்றுகொண்டே இருந்தேன். அம்மா கொல்லைப்பக்கம் போனார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிற" என்றார் அக்கா.

"அக்கா, அது..."

"நான் சொன்னத அப்படியே எழுதியிருக்கிற. நான் சொன்னேன்னு எழுதல."

"உங்க வீட்டுல தெரிஞ்சா சண்டை வருமேன்னுதான்க்கா பேர் போடல."

"பேரு எதுக்குடி? 'ஒருத்தங்க சொன்னாங்க'ன்னு போட்டிருக்கலாமில்ல? அதுல யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?"

புத்தகத்தைக் கேட்டார். எடுத்து வந்து கொடுத்தேன். என் டிரேசிங் தாள்கள் ஒட்டியிருந்த பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொன்றையும் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தையும் பார்த்தார். கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு மூடினார்.

"இத எடுத்துக்கினு போயி நான் இன்னா செய்யறது? நீயே வச்சிக்கோ. உங்கிட்ட உள்ளதுன்னு ஊருக்கே சொல்லிட்டியே."

காப்பியை முழுதாகக் குடித்தார். அப்படியே வைத்துவிட்டுப் போனால் அம்மா என்னைக் கேள்வி கேட்பார் என்பதற்காகக் குடித்தார் என்று பிறகு புரிந்தது. அம்மாவிடம், "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சும்மா இருக்கவில்லை. எனக்குத் தெரிந்த வழிகளில் எல்லாம் முயன்றேன். அடுத்த மாதப் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம் மறுப்பு எழுதினேன்: தொகுப்பு என்னுடையது அல்ல, ஏழாவது காரணம் என்னுடையது அல்ல, இரண்டும் பெயர் சொல்ல விரும்பாத ஒருவருடையவை. வட்டத்தில் அதை என் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். 'என்ன ஒரு பணிவு' என்று பட்டுக்கடைக்காரர் அபிப்பிராயம் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து அக்காவிடம் கொண்டுபோனேன். பிரித்துப் பார்க்கவில்லை.

பிறகு பதினோரு பின்பக்கங்களுக்கும் ஓர் அட்டவணை போட்டேன். வாரம், பக்கம், முன்னால் இருக்கும் படம், பின்னால் இருந்த படம். கடைசிக் கட்டம் மட்டும் காலி. ஒரு நாள் அவர் மாமியார் கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்துப் போய், "வாயால சொல்லுங்கக்கா, போதும். யாரையாவது வெச்சு வரைஞ்சுக்கிறேன்" என்றேன்.

"மறந்துபோச்சுங்க" என்றார்.

ராட்டை நிற்கவில்லை. இருபதாவது வாரத்து ஆடு எங்கே நிற்கும் என்று தெரிந்தவர். என்னை 'டி' போட்டுத் தவிர வேறு மாதிரிக் கூப்பிட்டுப் பழகாதவர். நான் அட்டவணையை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் சென்னைக்குப் போகும்போதெல்லாம் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைகளில் தேடுகிறேன். அந்த வார இதழின் பெயரைச் சொன்னால் பல கடைக்காரர்களுக்குத் தெரியவே இல்லை. மூன்று இதழ்கள் கிடைத்தன. மூன்று பின்பக்கங்களை நிரப்பினேன். கையெழுத்துப் பத்திரிகை இரண்டு வருடத்தில் நின்றுவிட்டது. குமாஸ்தாவுக்கு மாற்றல் வந்தது. ஆனால் வட்டத்தில் இருந்தவர்கள் இப்போதும் என்னைப் பார்த்தால் அந்தத் தொடரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பார்க்காத பக்கங்களைப் பற்றிக்கூட உற்சாகமாகப் பேசுகிறார்கள். என் சிபாரிசு நன்றாகவே பலித்துவிட்டது.

நல்ல கதையை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சொல்லும் அவசரத்தில், அதை எனக்குச் சொன்னவரை எப்படி அவ்வளவு சுலபமாக அழித்தேன் என்பதை நினைத்தால் எழுதிய கை கூசுகிறது.

இன்றைய நிலை இது. பதினோரு பின்பக்கங்களில் எட்டு இன்னும் காலியாக இருக்கின்றன. அதில் கடைசித் தாளும் ஒன்று. புத்தகம் என்னிடம் இருக்கிறது. அது என்னுடையது அல்ல.